புதுப்பிப்பு: உறைந்த சமையலறைக் குழாய்

போன வாரம் கனடாவின் வின்னிபெக்கில் மைனஸ் 31 டிகிரிக் குளிரில், சமையலறைக் குழாயில் சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை என்று எழுதியிருந்தேன். இப்போது வருகிறது. நல்லவேளை, குழாய் வெடிக்கவில்லை.

சிங்க் வெளிச்சுவரை ஒட்டி இருப்பதுதான் வினை. கீழ் அலமாரியை மூடியே வைத்திருந்ததால் வீட்டுச் சூடு உள்ளே போகவில்லை. குழாயைத் திறந்து வைத்துவிட்டு, வாய்ப்பக்கத்திலிருந்து பின்னோக்கி ஹேர் டிரையரால் சூடு காட்டினேன். முக்கால் மணி நேரம் குனிந்ததில் முதுகு கழன்றுவிட்டது. (நெருப்பு காட்டச் சொன்ன நண்பருக்கு ஒரு பெரிய கும்பிடு!) தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும், குழாய் திறந்திருந்தால் அழுத்தம் வெளியேற வழி கிடைக்கும்.

இப்போதெல்லாம் இரவில் அலமாரிக் கதவு திறந்தே கிடக்கிறது, குழாயில் நூல் போலத் தண்ணீர் ஓடுகிறது. பூனைக்குத்தான் கொண்டாட்டம்.