பிரெஞ்சு வகுப்பில் அழகர்

மேல்நிலை வகுப்பில் பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகளில் பலர் மதிப்பெண்ணுக்காகவே எடுக்கிறார்கள் என்பதை மறைத்துப் பயனில்லை. மதுரையில் நான் பாடம் நடத்தும் பள்ளியிலும் அதே நிலைதான். வினைச்சொற்களை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், பத்தியை ஆங்கிலத்தில் பெயர்த்தும் எழுதுவார்கள். ஆனால் ஒருவர் பிரெஞ்சில் பேசுவது காதில் விழுந்தால் திருதிருவென விழிப்பார்கள்.

1965இல் கனடாவில், மொன்றியலை அடுத்த செயின்ட் லாம்பெர்ட்டில், ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கு மழலையர் வகுப்பிலிருந்தே பிரெஞ்சில் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். வாரத்துக்குச் சில பாடவேளைகளே கிடைக்கும் நமக்கு அது எட்டாக்கனி. அந்தப் பாடவேளைகளிலாவது ஆங்கிலத்தை வாசலோடு நிறுத்திவைக்கலாம் என்றால், பிள்ளைகள் வாய் திறப்பதற்கு ஒரு கதை வேண்டும்.

ஆல்பர் லமோரிஸ் 1956இல் எடுத்த ‘சிவப்பு பலூன்’ அதற்கு வாகாக அமைந்தது. முப்பத்து நான்கு நிமிடப் படம். வசனம் மிகக் குறைவு என்பதால், கதையைச் சொல்ல வேண்டிய பொறுப்பு பார்ப்பவர் தலையில் விழுகிறது. இடையிடையே நிறுத்தி, பையன் எங்கே போகிறான், அவனை ஏன் பேருந்தில் ஏற்றவில்லை என்று பிரெஞ்சிலேயே கேட்பேன். திருமங்கலத்திலிருந்து தினமும் பேருந்தில் வரும், அதுவரை வகுப்பில் பேசியே அறியாத மாணவன் ஒருவன், நடத்துனரைப் பற்றி மட்டும் நாலைந்து வாக்கியம் சொன்னான். இலக்கணம் தடுமாறினாலும் கோபம் தெளிவாகவே இருந்தது.

இன்னும் நன்றாகப் பலித்தது அழகர் கதை. பிரெஞ்சில் இறந்தகாலம் சொல்லும்போது பெரும்பாலான வினைகள் ‘அவுவார்’ என்னும் துணைவினையோடு வரும். வருதல், சேர்தல், இறங்குதல், திரும்புதல், கிளம்புதல் போன்ற சில மட்டும் ‘எத்ர்’ என்பதோடு வரும். அட்டவணையாகக் கொடுத்தால் மறுநாளே மறந்துபோகும். ஆனால் தங்கையின் திருமணத்துக்கு வந்த அழகர் தாமதமாக வந்துசேர்ந்து, கோபத்தோடு ஆற்றில் இறங்கி, ஊருக்குள் நுழையாமலே வண்டியூருக்குக் கிளம்பிய கதையைச் சொல்லச் சொன்னால், அடுத்தடுத்து வரும் வினைகள் எல்லாமே எத்ர் வகைதான். ‘இல் எ தாரிவே ஆன் ரெதார்’ (அவர் தாமதமாக வந்துசேர்ந்தார்) என்று ஒரு மாணவி சொன்னதும், ஒத்தக்கடையிலிருந்து தாமதமாக வந்து வாசலில் நின்றவனைப் பார்த்து வகுப்பே சிரித்தது. கரையில் கூட்டம் நிற்பதற்கும் வெயில் கொளுத்துவதற்கும் வேறோர் இறந்தகாலம் தேவைப்படுவதை அதன்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை, அவர்களே கேட்டார்கள்.

உச்சரிப்பில் நம் பிள்ளைகள் ஓரளவு கொடுத்துவைத்தவர்கள். ‘மரம்’, ‘வந்தான்’ ஆகியவற்றின் ஈற்றை நாம் பேச்சில் மூக்கொலியாகவே முடிப்பதால், பிரெஞ்சு மூக்கொலி உயிர்கள் எளிதில் வசப்படுகின்றன. தொண்டையிலிருந்து எழும் ‘ர’கரம்தான் பாடாய்ப் படுத்துகிறது.

பாடத்தை விட்டுவிட்டுப் படம் போட்டுக் காட்டுகிறார்கள் என்று பெற்றோர் சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். அவர்களிடம் பிரெஞ்சு மொழித்திறனைச் சோதிக்கும் தெல்ஃப் தேர்வின் மதிப்பெண் முறையைக் காட்டினேன். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து. மொத்தத்தில் ஐம்பது எடுத்தாலும், ஏதேனும் ஒன்றில் ஐந்துக்குக் கீழே போனால் தேர்ச்சி கிடையாது.