கென்யாவுக்கு ஊழியத்துக்கு வந்திருக்கும் குடும்பங்களுக்கு: தேர்தலுக்கு முன்பே பேசி முடிக்க வேண்டியவை

புதிதாக வந்திருக்கிற தம்பி, தங்கச்சிமார் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: 2027 தேர்தல் சமயத்தில் பிள்ளைகளோடு ஊருக்குப் போய்விடலாமா, இங்கேயே இருக்கலாமா?

முதலில் தேதியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை தேர்தல் என்று இங்கே அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது, அதனால் அடுத்தது 2027 ஆகஸ்ட் 10. ஜனாதிபதித் தேர்தல் முடிவை அறிவிக்க 7 நாள், அதை எதிர்த்து வழக்குப் போட 7 நாள், உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 14 நாள். ஆக ஏறக்குறைய நான்கு வாரம். 2017-இல் அந்தத் தீர்ப்பே தேர்தலை ரத்து செய்து, அக்டோபர் 26 அன்று மறுதேர்தல் வைத்ததால் பதற்றம் மாதக்கணக்கில் நீண்டது. 2024 ஜூன் 25 அன்று வரி மசோதாவை எதிர்த்து இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தபோது தேர்தல் எதுவும் இல்லை, அதையும் மனதில் வையுங்கள்.

"தேவன் காப்பார், திட்டம் எதற்கு" என்று சிலர் சொல்வார்கள். நானும் காப்பார் என்றே நம்புகிறேன். ஆனால் 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் வந்த இனக் கலவரத்தில், 2008 ஜனவரி 1 அன்று எல்டோரெட் நகரின் பக்கத்தில் கியம்பாவில், உயிருக்குப் பயந்து சபைக் கட்டடத்துக்குள் ஒளிந்திருந்த பெண்களும் பிள்ளைகளும் தீயில் மாண்டார்கள். அவர்களும் ஜெபித்தவர்கள்தான். அதே சமயத்தில் மேற்கே உள்ள கிசுமு நகரில் இந்தியர்களின் கடைகள் சூறையாடப்பட்டன, பலர் எல்லை தாண்டி உகாண்டாவுக்குப் போனார்கள். "நமக்கென்ன, நாம் வெளிநாட்டுக்காரர்" என்பது செல்லாது.

சரி, போவதா இருப்பதா? அதைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து இப்போதே பேசி முடியுங்கள். எது நடந்தால் கிளம்புவோம், யார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது, எந்த வழி, அனுப்பிய சபைக்கு யார் சொல்வது, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். மனைவி "எனக்குப் பயமாக இருக்கிறது" என்றால் அதை விசுவாசக் குறைவு என்று சொல்லி வாயடைக்காதீர்கள், அண்ணனாகக் கேட்டுக்கொள்கிறேன். பல வீடுகளில் ஆபத்தை முதலில் அறிகிறவர் அவர்தான், ஏனென்றால் பக்கத்து வீட்டு அம்மாக்கள் அவரிடம்தான் மனம் திறந்து பேசுகிறார்கள். ஊரில் இருக்கும் சபை "இருங்கள்" என்றாலும் முடிவு உங்கள் இருவருடையது.

பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். 2017-இல் கிசுமுவில் ராத்திரி கண்ணீர்ப்புகை வந்தபோது கதவடியில் ஈரத்துண்டை அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். மகள் கேட்டாள்: "அப்பா, நாம யார் பக்கம்? என் ஃப்ரெண்டு லுவோ, டீச்சர் கிகுயு." லுவோ, கிகுயு என்பவை அந்தத் தேர்தலில் பெரும்பாலும் எதிரெதிர் அணியில் இருந்த இரண்டு இனங்கள். இருவருக்காகவும் பேர் சொல்லி ஜெபம் பண்ணினோம், அப்புறம் தூங்கினாள். எந்த வயதுப் பிள்ளைக்கும் சத்தம் கேட்கும், காரணம் தெரியாவிட்டால்தான் பயம் பெரிதாகும்.

கட்சி, இனம் பற்றி வாயே திறக்காதீர்கள். உங்கள் கையில் இருக்கும் கிளாஸ் ஐ பெர்மிட் மதப்பணிக்கென்று தந்தது, அரசியலுக்கு அல்ல. ஜெபக்கடிதத்திலும் கவனம் வேண்டும்: ஊருக்கு அனுப்புகிற வாட்ஸப் செய்தி, படத்தோடு, விசுவாசி ஒருவரின் இனப்பெயரோடு, ஒரு வாரத்தில் இங்கேயே திரும்பி வந்துவிடும். அந்த ஆள் வேறு இனத்தார் நடுவில் குடியிருந்தால் அது அவர் உயிருக்கே ஆபத்து.

வீட்டுச் சாமான் பற்றிச் சுருக்கமாக: உங்கா (மக்காச்சோள மாவு), அரிசி, மருந்து, கேஸ் சிலிண்டர், ஜிக்கோ அடுப்புக்குக் கொஞ்சம் கரி, கரண்ட் டோக்கன் (முன்பணம் கட்டி வாங்கும் மின்சாரம்), வண்டியில் பெட்ரோல். செல்போன் பணக் கணக்கான எம்பெசாவில் பணம் இருந்தாலும் ஏஜென்ட் கடை மூடிவிட்டால் கையில் எடுக்க முடியாது, அதனால் கொஞ்சம் ஷில்லிங்கை நோட்டாக வையுங்கள். பாஸ்போர்ட் எல்லாருக்கும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள், நைரோபி இந்தியத் தூதரகத்தில் பேரைப் பதிந்து வையுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நம்மோடு ஊழியம் செய்யும் உள்ளூர் சுவிசேஷகருக்கு விமான டிக்கெட் கிடையாது. சொந்த இனத்தார் இல்லாத ஊரில் அவரை வைத்திருந்தால், தேர்தல் வாரத்துக்கு முன்பே அவரும் குடும்பமும் எங்கே இருக்க விரும்புகிறார்கள் என்று கேளுங்கள், பயணச் செலவையும் ஆகஸ்ட் மாதச் சம்பளத்தையும் ஜூலை கடைசியிலேயே கொடுத்துவிடுங்கள்.