கான்சாஸில் நிக்கோடமஸ்: இறங்கிப் பார்க்க என்ன இருக்கிறது?

சாலைப்பிரியன்:
வணக்கம். ஸ்டாக்டனிலிருந்து ஹில் சிட்டிக்குப் போகும் 24ஆம் எண் நெடுஞ்சாலையில் நிக்கோடமஸ் என்று ஓர் ஊர் வந்தது. சில வீடுகள், ஒரு பழைய தேவாலயம், ஒரு கல் கட்டடம், மற்றபடி வயல்கள்தான். ஆனால் தேசியப் பூங்காத் துறையின் பலகை இருந்தது. இவ்வளவு சின்ன ஊருக்கு ஏன்? குழந்தைகளோடு போய் இறங்கிப் பார்க்கலாமா?

ஹேஸ்வாசி:
அவசியம் பாருங்கள். நான் ஹேஸில் இருந்தபோது பலமுறை போய் வந்த ஊர்.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே கறுப்பின மக்கள் உருவாக்கிய குடியேற்ற ஊர்களில் இன்றுவரை மிஞ்சி நிற்பது இதுதான். 1877இல் கென்டக்கியிலிருந்து வந்தார்கள். அடிமைத்தளை அறுந்து பன்னிரண்டு வருடம் ஆகியும் அங்கே சொந்தமாக நிலம் கிடையாது, வன்முறைக்கும் குறைவில்லை. கான்சாஸில் ஐந்து வருடம் தங்கிப் பயிர்செய்தால் 160 ஏக்கர் வரை சொந்தமாகும் என்று சட்டம் இருந்தது. டபிள்யூ.ஆர். ஹில் என்ற வெள்ளை நில வணிகரும் டபிள்யூ.எச். ஸ்மித் என்ற கறுப்பின போதகரும் சேர்ந்து ஊருக்கு ஆள் திரட்டினார்கள்.

வந்து பார்த்தால் மரமே இல்லாத புல்வெளி. வில்லியானா ஹிக்மன் 1878இல் தன் கணவரோடு வந்தவர். ரயிலில் எல்லிஸ் வரை வந்து அங்கே தங்கியபோது தட்டம்மை பரவி, கூட வந்த குழந்தைகள் சிலர் இறந்துபோனார்கள். அங்கிருந்து இரண்டு நாள் நடை. ஊர் எங்கே என்று கேட்டவருக்குத் தரையிலிருந்து எழும் புகையைக் காட்டியிருக்கிறார்கள். மண்ணைத் தோண்டி அதற்குள்தான் ஜனங்கள் குடியிருந்தார்கள். அதைக் கண்டதும் அழுதுவிட்டதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். சிலர் உடனே திரும்பிவிட்டார்கள். மண்வெட்டி, கலப்பைகூடப் போதாத நிலையில் தங்கியவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கும். முதல் குளிர்காலத்தில், வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி கொடுத்துக் காப்பாற்றியதாக ஊரார் சொல்வார்கள்.

பத்தே வருடத்தில் தேவாலயங்கள், பள்ளிக்கூடம், ஹோட்டல், கடைகள், இரண்டு செய்தித்தாள்கள்! முதல் ஆசிரியை ஜென்னி பிளெட்சர். அங்கே குடியேறிய கறுப்பினத்தவரான எட்வர்ட் மெக்கேப் 1882இல் மாநிலத் தணிக்கையாளராகத் தேர்தலில் ஜெயித்தார். எந்த மாநிலத்தில் எந்தக் காலத்தில் என்று யோசித்துப் பாருங்கள்.

கோதுமைக்காடு:
பிறகு ஏன் இப்படிச் சுருங்கிப்போனது? வறட்சியா?

ஹேஸ்வாசி:
1930களின் புழுதிப் புயல் பின்னால் வந்த அடி. முதல் அடி ரயில். மிசௌரி பசிபிக் பாதை தங்கள் ஊர் வழியாக வரட்டும் என்று 1887இல் 16,000 டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட வாக்களித்தார்கள். அது வரவில்லை. அடுத்த வருடம் யூனியன் பசிபிக் என்ற இன்னொரு ரயில் நிறுவனம் ஊரைத் தொடாமல் சாலமன் ஆற்றுக்குத் தென்கரையில் தண்டவாளம் போட்டது. கடைக்காரர்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ரயில் முகாமுக்கே போனார்கள். அந்த முகாம்தான் இன்றைய போக் என்ற ஊர். உழைப்பில் குறையே வைக்காதவர்களுக்கு இப்படி ஆனதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். கடை போனாலும் விவசாயக் குடும்பங்கள் இருந்தன. கடைசியில் 1953இல் தபால் நிலையமும் மூடப்பட்டது.

சாலைப்பிரியன்:
இவ்வளவும் அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கிறதா! எப்போது போனால் நல்லது?

ஹேஸ்வாசி:
ஜூலை கடைசி வார இறுதி. நாடெங்கும் சிதறிய வம்சாவளியினர் அப்போது ஊருக்குத் திரும்பி வருவார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்த ஆகஸ்டு 1ஐக் கொண்டாடத் தொடங்கியதுதான் இந்த விழாவாக வளர்ந்தது. ஊர்வலம் உண்டு, ஞாயிறன்று பிரார்த்தனை உண்டு. வெளியாட்களையும் அன்பாக வரவேற்பார்கள். பெரியவர்கள் யாராவது உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுங்கள், எந்தக் குடும்பம் எந்த வருடம் வந்தது என்று அப்படியே சொல்வார்கள். 1996இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தபோது சேர்த்த ஐந்து கட்டடங்களும் நடக்கும் தூரம்தான். 1939இல் கட்டிய டவுன்ஷிப் ஹாலில் (ஊர்ப் பொதுமன்றம்) தொடங்குங்கள். நிழல் குறைவு, ஜூலை வெயில் கடுமை. பிள்ளைகளுக்குத் தொப்பியும் தண்ணீரும் மறக்காதீர்கள். பெட்ரோலை ஹில் சிட்டியிலோ ஸ்டாக்டனிலோ நிரப்பிக்கொள்ளுங்கள்.