புதியவரும் கைதேர்ந்தவரும் ஒரே டிஸ்க் கோல்ஃப் போட்டியில்: நியாயமாக நடத்துவது எப்படி?

பதினெட்டாம்கூடை கேட்டது:

வணக்கம். டிஸ்க் கோல்ஃப் என்பது டிஸ்க்கை வீசிக் கூடையில் போடும் ஆட்டம், குறைந்த வீச்சில் முடிப்பவரே ஜெயிப்பார். 18 கூடை உள்ள ஒரு கோர்ஸில் ஒரு நாள், இரண்டு ரவுண்டு போட்டி நடத்தப் போகிறோம். சுமார் 30 பேர் வருவார்கள். 52, 53 என்று முடிப்பவர்களும் உண்டு, 75-ஐத் தாண்டுபவர்களும் உண்டு. நாலைந்து பேர் இதுவரை ஸ்கோர் எழுதி ஆடியதே இல்லை. யாருக்கும் அதிகாரப்பூர்வ ரேட்டிங் கிடையாது. ஆனால் பாதிப் பேருக்கு மேல் பழைய ரவுண்டு ஸ்கோர்கள் கையில் இருக்கின்றன. கோர்ஸின் பார் (தேர்ந்தவர் எடுப்பார் என்று எதிர்பார்க்கும் வீச்சு எண்ணிக்கை) 54.

திறமைப்படி டிவிஷன் பிரிப்பதா, இல்லை திறமை குறைந்தவரின் ஸ்கோரிலிருந்து சில வீச்சைக் கழிக்கும் ஹேண்டிகேப் கொடுப்பதா? ஜெயிப்பது யார் என்று முதல் வீச்சுக்கு முன்னாலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடக் கூடாது. அதே நேரம் நன்றாக ஆடுகிறவருக்கும் அநியாயம் நடக்கக் கூடாது. இன்னொன்று, டீயை (முதல் வீச்சைப் போடும் இடத்தை) எல்லோருக்கும் ஒரே இடத்தில் வைக்கலாமா?

காற்றெதிர் எழுதியது:

இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டையும் தனித்தனிப் பட்டியலாக வையுங்கள். டிவிஷனுக்குள் உண்மையான ஸ்கோரை மட்டும் பாருங்கள். ஹேண்டிகேப் போட்டி 30 பேருக்கும் பொதுவாக, தனிப் பரிசோடு ஓடட்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், 52 எடுத்தவர் 66 எடுத்தவரிடம் தோற்றது ஏன் என்று மைதானத்தில் நின்று விளக்க வேண்டி வரும்.

டிவிஷன் கோட்டை எங்கே போடுவது? பி.டி.ஜி.ஏ (தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம்) ரேட்டிங்கில் 1000 என்பது தேர்ந்த ஆட்டக்காரரின் அளவுகோல். அமெச்சூர் டிவிஷன்களில் இடைநிலைக்கு 935-க்குக் கீழ், பொழுதுபோக்கு நிலைக்கு 900-க்குக் கீழ், புதியவர் நிலைக்கு 850-க்குக் கீழ் இருக்க வேண்டும். நடுத்தர நீளமுள்ள 18 கூடை கோர்ஸில் 10 புள்ளி என்பது ஏறத்தாழ ஒரு வீச்சு. ஆகவே 1000 ரேட்டிங்காரர் 50-ல் முடிக்கும் கோர்ஸ் என்றால் 935 என்பது 56, 57. 900 என்பது 60. 850 என்பது 65. உங்களிடம் ரேட்டிங் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கை அப்படியே ஸ்கோரில் வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் இந்த எண்களை இயந்திரம் மாதிரி போடாதீர்கள். எல்லோருடைய சராசரியையும் வரிசையாக எழுதி, இயல்பாக இடைவெளி விழும் இடத்தைப் பாருங்கள். 52, 53, 53, 55, 56 என்று வந்து அடுத்தவர் 60 என்றால் கோடு 58-ல் விழ வேண்டும். 55-க்கும் 56-க்கும் நடுவில் கோடு போட்டால் ஒரே தரத்தில் ஆடும் இருவரைப் பிரித்துவிடுகிறீர்கள்: ஒருவர் மேல் டிவிஷனில் கடைசி, இன்னொருவர் கீழ் டிவிஷனில் முதல். 30 பேருக்கு மூன்று டிவிஷன் போதும். நான்கு பேருக்குக் குறைவாக ஒரு டிவிஷன் வந்தால், அவர்களைக் கேட்டுவிட்டு முந்தின நாளே சேர்த்துவிடுங்கள். மேல் டிவிஷனில் ஆட ஆசைப்பட்டால் விடலாம், கீழே இறங்கி ஆட மட்டும் விடக் கூடாது.

முதல் ரவுண்டு ஸ்கோரை வைத்தே டிவிஷன் பிரிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஸ்கோரே இல்லாதவர்களுக்கு அது உதவும், ஆனால் ஒரு ஆபத்து உண்டு. முதல் ரவுண்டில் கடைசி இரண்டு கூடையில் வேண்டுமென்றே நாலு வீச்சு கூட எடுத்தால் கீழ் டிவிஷனில் முன்னணியில் உட்கார்ந்துவிடலாம். அதைத் தடுக்க முதல் ரவுண்டின் மொத்தப் பட்டியலுக்கும் ஒரு பரிசு வையுங்கள். கோட்டை எத்தனையாவது இடத்துக்குப் பிறகு போடுவோம் என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள், பெரிய இடைவெளியில் போடுவோம் என்று மட்டும் எழுதி வையுங்கள்.

சங்கிலியோசை எழுதியது:

ஹேண்டிகேப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடைசி ஐந்து ரவுண்டின் சராசரி, அதிலிருந்து பாரைக் கழித்து, வருவதில் 80 சதவீதம். ஒருவர் 66, 63, 71, 64, 67 எடுத்திருக்கிறார். கூட்டினால் 331, சராசரி 66.2. பார் 54 போக 12.2. அதில் 80 சதவீதம் 9.76. அன்றைக்கு அவர் 65 எடுத்தால் நிகர ஸ்கோர் 55.24. இன்னொருவர் 52, 55, 53, 54, 56. சராசரி சரியாக 54, ஹேண்டிகேப் பூஜ்ஜியம். அவர் 54 எடுத்தால் ஒரு வீச்சுக்குக் கொஞ்சம் கூடுதலாக முந்துகிறார். முதலாமவர் 63 எடுத்தால் 53.24, அவர் முந்துகிறார். இருவருக்கும் வாய்ப்பு உண்டு, நன்றாக ஆடுகிறவருக்கு ஒரு சின்ன முன்னிலையும் உண்டு.

முழு 100 சதவீதம் ஏன் கூடாது? புதியவரின் ஸ்கோர் நிலையாக இருக்காது. இன்று 63, நாளை 71. தேர்ந்தவர் 52-க்கும் 56-க்கும் நடுவிலேயே நிற்பார். முழு ஹேண்டிகேப் கொடுத்தால், 30 பேரில் யாராவது ஒரு புதியவருக்கு அன்றைக்கு நல்ல நாளாக அமைந்து, சராசரியைவிட ஏழெட்டு வீச்சு குறைவாக எடுத்துவிடுவார். தேர்ந்தவர் எவ்வளவு உயிரைக் கொடுத்து ஆடினாலும் அதை எட்ட முடியாது. 80 அந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டுகிறது.

மேலே உள்ள 71-ஐக் கவனியுங்கள். அதை எடுத்துவிட்டால் சராசரி 65, ஹேண்டிகேப் 8.8. ஒரே ஒரு மோசமான ரவுண்டு கிட்டத்தட்ட ஒரு முழு வீச்சைப் பரிசாகக் கொடுத்திருக்கிறது. எனவே ஐந்தில் மோசமான ஒன்றைத் தள்ளிவிட்டு நாலின் சராசரி எடுங்கள். சிறந்த மூன்றை மட்டும் எடுத்து அதற்கும் 80 சதவீதம் போடுவது இரட்டை வெட்டு. அப்போது ஹேண்டிகேப் இருந்தும் புதியவர் ஜெயிக்கவே முடியாது. தசமத்தை முழு எண்ணாக்காதீர்கள். அப்படியே விட்டால் சமநிலை அபூர்வமாகத்தான் வரும்.

இன்னொரு ஓட்டை காற்று. பலத்த காற்றில் எடுத்த 67-ம், அமைதியான நாளில் எடுத்த 67-ம் ஒன்றல்ல. பாருக்குப் பதிலாக, அந்த நாளில் ஆடிய நிலையான நாலைந்து பேரின் சராசரியை அடிப்படையாக வைத்து வித்தியாசத்தைக் கணக்கிட்டால் காற்றும் மழையும் தானாகக் கழிந்துவிடும். பி.டி.ஜி.ஏ ரேட்டிங்கின் அடிப்படையும் இதுதான்: ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்கள் அன்று எப்படி ஆடினார்கள் என்பதை வைத்துத்தான் ரவுண்டுக்கு மதிப்புப் போடுகிறார்கள். டீயோ கூடையோ இடம் மாறிய ரவுண்டுகளை ஒரே சராசரியில் சேர்க்கவே கூடாது.

கயிறுகட்டி எழுதியது:

எண்கள் சரியாக இருந்தாலும் கோர்ஸ் அமைப்பு சரியில்லை என்றால் நியாயம் அங்கேயே போய்விடும்.

டீயை எல்லோருக்கும் ஒரே இடத்தில் வைக்க வேண்டாம். புதியவர் 45 முதல் 60 மீட்டர் வீசுவார், தேர்ந்தவர் 100 மீட்டரை எளிதாகத் தாண்டுவார். 110 மீட்டர் கூடையில் ஒருவருக்கு ஒரு வீச்சு, இன்னொருவருக்குக் குறைந்தது இரண்டு, அது பரவாயில்லை. ஆனால் நடுவில் 70 மீட்டர் தண்ணீரைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் புதியவர் மூன்று முறை போட்டு மூன்று டிஸ்க்கையும் இழந்துவிடுவார். அந்த மாதிரிக் கூடைகளில் கீழ் டிவிஷனுக்கு முன் டீ, அல்லது தண்ணீருக்கு அப்பால் டிராப் ஸோன் (அடுத்த வீச்சைப் போடக் குறித்து வைத்த இடம்). எல்லா 18-லும் இரண்டு டீ தேவையில்லை, ஆறேழு கூடையில் போதும். டிவிஷனுக்கு ஒரு நிறக் கொடி நட்டு, ஸ்கோர் அட்டையிலும் அதே நிறத்தைப் போட்டுவிடுங்கள். டீ மாறினால் ஹேண்டிகேப்பும் அந்த டீயில் எடுத்த ஸ்கோரிலிருந்துதான் வர வேண்டும்.

அதிகம் சண்டை வருவது ஓபி (ஆட்ட எல்லைக்கு வெளியே உள்ள பகுதி) கயிற்றில்தான். கயிறு தொய்ந்தால் காற்றில் அரை அடி நகரும். இரண்டு, மூன்று மீட்டருக்கு ஒரு முளை அடித்து, தரையோடு ஒட்டி இறுக்குங்கள். புல் உயரமாக இருந்தால் முதலில் வெட்டிவிட்டுக் கட்டுங்கள். விதிப்படி கோடே ஓபியைச் சேர்ந்தது. டிஸ்க் முழுவதும் ஓபியால் சூழப்பட்டிருந்தால்தான் ஓபி. கயிற்றுக்கு உள்பக்கம் விரல் அளவு நீட்டிக்கொண்டிருந்தாலும் அது உள்ளேதான். இந்த ஒரு வரியை ஆட்டம் தொடங்கும் முன் ஒரு டிஸ்க்கைக் கயிற்றின் மேல் வைத்தே காட்டிவிடுங்கள். வாயால் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது.

குழு: 30 பேருக்கு நால்வர் குழு ஆறு, மூவர் குழு இரண்டு. இருவர் குழு வேண்டாம், ஸ்கோருக்குச் சாட்சி இல்லாமல் போய்விடும். எட்டுக் குழுவையும் ஷாட்கன் முறையில் (எல்லோரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு கூடையில் தொடங்குவது) ஒன்றுவிட்டு ஒரு கூடையில் நிறுத்தினால் நெரிசல் வராது. நால்வர் குழுவுக்கு 18 கூடைக்கு இரண்டரை மணி, புதியவர் அதிகம் இருந்தால் மூன்று மணி வையுங்கள். முதல் ரவுண்டில் விதி தெரிந்த ஒருவராவது ஒவ்வொரு குழுவிலும் இருக்கும்படி கலந்து போடுங்கள். இரண்டாவது ரவுண்டில் டிவிஷன் வாரியாக, ஸ்கோர் வரிசையில். போட்டி யாரோடு என்றால் அவர்தான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஸ்கோரை ஒரு குழுவில் இருவர் எழுதட்டும், ஒருவர் தாளில், ஒருவர் போனில். ஆறு கூடைக்கு ஒருமுறை ஒப்பிட்டால், தப்பு எந்தக் கூடையில் என்று நினைவில் இருக்கும்போதே பிடிபடும். 18 முடிந்த பிறகு ஒப்பிட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. தவறான ஸ்கோரைக் கொடுத்தால் இரண்டு வீச்சு அபராதம். தாமதமாக வந்து தவறவிட்ட கூடைக்குப் பாருடன் நாலு.

பதினெட்டாம்கூடை எழுதியது:

மிக்க நன்றி, எல்லாம் குறித்துக்கொண்டேன். இரண்டு சந்தேகம். ஸ்கோரே இல்லாத அந்த நாலைந்து பேரை ஹேண்டிகேப்பில் எப்படிச் சேர்ப்பது? நடத்துகிற நானும் ஆடலாமா? கூடவே பரிசு பற்றியும் சொல்லுங்கள்.

சங்கிலியோசை எழுதியது:

அவர்களுக்குக் கோல்ஃபில் உள்ள பியோரியா முறை பொருந்தும். ஆட்டத்துக்கு முன் ஆறு கூடைகளை ரகசியமாகத் தேர்ந்தெடுத்து, உறையில் போட்டு ஒட்டி, ஆடாத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். முதல் ஒன்பதில் மூன்று, அடுத்த ஒன்பதில் மூன்று. நீளமும் குறுகலும் கலந்து இருக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் அந்த ஆறு கூடையில் பாருக்கு மேல் எடுத்ததைக் கூட்டி மூன்றால் பெருக்கி, 80 சதவீதம் எடுங்கள். ஆறில் பாருக்கு மேல் 6 என்றால் 18, அதில் 80 சதவீதம் 14.4. கணக்கில் ஒரு கூடைக்குப் பாருக்கு மேல் 3-தான் உச்சம் என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு கூடையில் 9 எடுத்தவருக்கு அது மூன்று மடங்கு லாபமாகிவிடும். இது ஓரளவு அதிர்ஷ்டம் கலந்தது, அதனால் இவர்களுக்குத் தனிப் பரிசு வைப்பதே நல்லது. பழைய ஸ்கோர் உள்ளவர்களோடு ஒரே பட்டியலில் போட வேண்டாம்.

புதியவர் ஒரு கூடையிலேயே மாட்டிக்கொண்டால் பாரின் இரண்டு மடங்கில் டிஸ்க்கை எடுத்துவிடச் சொல்லலாம். நட்புப் போட்டியில் மட்டும்தான் இது, பி.டி.ஜி.ஏ அங்கீகாரப் போட்டியில் எல்லாக் கூடையையும் முடித்தே ஆக வேண்டும்.

கயிறுகட்டி எழுதியது:

நீங்கள் தாராளமாக ஆடலாம், ஆனால் உங்கள் குழுவில் வரும் தகராறுக்கு நீங்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. விதி தெரிந்த இன்னொருவரை அதற்கென்று காலையிலேயே பெயர் சொல்லி அறிவித்துவிடுங்கள். எந்தக் குழுவானாலும் முதல் முடிவு குழுவின் பெரும்பான்மைதான். அதிலும் தீராவிட்டால் தற்காலிக வீச்சு: இரண்டு இடத்திலிருந்தும் ஆடி, இரண்டு ஸ்கோரையும் எழுதிக்கொண்டு, முடிந்தபின் கேட்பது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு உங்களைத் தேடி வந்தால் பின்னால் இரண்டு குழு காத்து நிற்கும்.

காற்றெதிர் எழுதியது:

பரிசு எல்லா டிவிஷனிலும் ஒரே அளவாக இருந்தால், கீழ் டிவிஷனிலேயே தங்கிவிட ஆசை வரும். கீழே முதல் பரிசு சிறிதாகவும், வாங்குபவர் எண்ணிக்கை அதிகமாகவும் இருக்கட்டும். பத்துப் பேரில் நாலு பேருக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். இரண்டு முறை ஜெயித்தவர் அடுத்த போட்டியில் மேல் டிவிஷன் என்று இப்போதே எழுதி ஒட்டிவிடுங்கள். ஒருவர் ஜெயித்த பிறகு அந்த விதியைக் கொண்டு வந்தால் அது அவருக்காகவே போட்டது போல ஆகிவிடும்.

கூடைக்கு மிக அருகில் வீசியவருக்கான பரிசை டிவிஷனுக்கு ஒன்றாக, வெவ்வேறு கூடைகளில் வையுங்கள். ஒன்றே ஒன்று வைத்தால் மேல் டிவிஷன்காரர்தான் எடுத்துப் போவார். டீயிலிருந்து போட்ட முதல் வீச்சு மட்டும், 10 மீட்டர் வட்டத்துக்குள் விழுந்தால் மட்டும் கணக்கு. கூடைக் கம்பத்தில் அளவு நாடாவையும், பேனா கட்டிய ஒரு தாளையும் தொங்கவிடுங்கள். கண்ணால் பார்த்து எழுதாமல், கம்பத்தின் அடியிலிருந்து டிஸ்க்கின் அருகு விளிம்பு வரை சென்டிமீட்டரில் அளந்து எழுதச் சொல்லுங்கள்.