பட்டியலில் முதலிடம், செல்லின் மேல் காணோம்

புற்றுநோய்த் தடுப்பூசிக்காகக் கணினி வரிசைப்படுத்திய பெப்டைடுகள் (புரதத் துண்டுகள்) எங்கே பொய்த்தன என்று மூன்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். முதலாமவர்:

ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் வருஷம் எனக்குக் கிடைத்த வேலை, ஒரு மெலனோமா (தோல் புற்றுநோய்) கட்டியின் மரபணு வரிசையைப் பார்த்து தடுப்பூசிக்கு ஏற்ற நியோஆன்டிஜென்களை, அதாவது பிறழ்வால் கட்டியில் மட்டும் உருவாகும் பெப்டைடுகளை, தேர்ந்தெடுப்பது. செல்லின் மேற்பரப்பில் எச்எல்ஏ என்ற புரதம் பெப்டைடை ஏந்திக் காட்டினால்தான் நோயெதிர்ப்பு டி செல் அதைப் பார்க்கும். ஒவ்வொரு பிறழ்வையும் சுற்றி 8 முதல் 11 அமினோ அமில நீளத்துக்குத் துண்டுகள் எடுத்து நெட்எம்எச்சிபேன் என்ற மென்பொருளில் ஓட்டினேன்; எந்தத் துண்டு எச்எல்ஏ-வில் எவ்வளவு வலுவாக ஒட்டும் என்று அது கணிக்கும். 500 நானோமோலாருக்குக் கீழே வந்தவற்றை (எண் குறையக் குறைய ஒட்டுதல் வலுவு) வரிசைப்படுத்தினேன். முதலில் நின்றது, எச்எல்ஏ-வின் வகைகளில் (அல்லீல்) ஒன்றான எச்எல்ஏ-ஏ*02:01-க்கென்றே செய்தது போன்ற 9 அமிலப் பெப்டைடு. இரண்டாம் இடத்தில் லூசின், கடைசியில் வாலின். அந்த அல்லீலின் பள்ளத்தில் உட்கார அந்த இரண்டு இடங்கள்தான் முக்கியம். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் குழுவில் மூத்தவரான அக்கா பட்டியலைப் பார்த்துவிட்டு, "இந்த ஜீன் கட்டியில் ஆர்என்ஏ ஆகிறதாப்பா?" என்றார். நான் பார்த்திருக்கவில்லை. திறந்து பார்த்தால் அந்த ஜீனின் ஆர்என்ஏ-வில் படித்த துண்டு (ரீடு) ஒன்றுகூட இல்லை. புரதமே உருவாகாத இடத்தில் பெப்டைடு எங்கிருந்து வரும்?

சரி, அதை எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போனோம். அதில் ஆர்என்ஏ ஏராளம், அல்லீலும் அதே 02:01. ஆனால் செல்லின் மேல் உள்ள பெப்டைடுகளை எடை பார்த்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக் கருவியில் அது அகப்படவில்லை. அகப்படாததாலேயே இல்லை என்று சொல்லிவிட முடியாது; அந்தக் கருவி குறைந்த அளவில் இருப்பதைத் தவறவிடும். ஆனால் 02:01-க்குரிய பெப்டைடு எதுவுமே வரவில்லை என்பதுதான் உறுத்தியது. எச்எல்ஏ வகையை நோயாளியின் ரத்தத்திலிருந்து கண்டறிந்திருந்தோம். கட்டியில் தேடியபோதுதான் தெரிந்தது, அந்த அல்லீலையே கட்டி இழந்துவிட்டது. 2017-இல் நுரையீரல் புற்றுநோயில் செய்த ஒரு பெரிய ஆய்வில், சிறுசெல் அல்லாத வகையில் சுமார் 40 சதவீதக் கட்டிகள் இப்படி எச்எல்ஏ-வை இழந்திருப்பது தெரிந்தது. டி செல்லிடமிருந்து தப்பிக்கக் கட்டிக்கு இது ஓர் எளிய வழி. அதன் பிறகு கட்டியின் எச்எல்ஏ-வைப் பார்க்காமல் நான் பட்டியல் கொடுத்ததில்லை.

* * *

இரண்டாமவர்:

எனக்கு நேர்ந்தது வேறு. நோயாளியின் ஓர் எச்எல்ஏ-பி அல்லீலுக்குச் சோதனைத் தரவு மிகக் குறைவு. மென்பொருள் பள்ளத்தைச் சுற்றியுள்ள 34 அமினோ அமிலங்களைப் பார்த்து, அதுபோன்ற வேறு அல்லீல்களை வைத்துக் கணிக்கிறது. எண் மட்டும் 02:01-க்கு வருவது போலவே திட்டவட்டமாக வருகிறது. அதை நம்பி ஆறு பெப்டைடுகள் செய்யக் கொடுத்தோம். அப்புறம் அந்த அல்லீல் மட்டும் உள்ள செல்களிலிருந்து பெப்டைடுகளைப் பிரித்தெடுத்தால், இரண்டாம் இடத்தில் அது விரும்பும் அமினோ அமிலமே வேறு! ஆறும் வீண். அதிகம் ஆராயப்படாத அல்லீல் உள்ளவர்களுக்கு இந்தக் கணிப்பு குறைவாகவே உதவுகிறது. இது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

* * *

மூன்றாமவர்:

இரண்டு பேர் சொன்னதும் செல்லின் மேற்பரப்பு வரைக்கும். அங்கே வந்து நின்றாலும் டி செல் திரும்பிப் பார்க்க வேண்டுமே. 2020-இல் வெளிவந்த, நியோஆன்டிஜென் கணிப்புகளை ஒப்பிட்ட டெஸ்லா என்ற கூட்டாய்வில், பல குழுக்கள் தேர்ந்தெடுத்த பெப்டைடுகளில் 608-ஐச் சோதித்தார்கள். டி செல் அடையாளம் கண்டது 37-ஐ மட்டுமே. ஒட்டும் வலிமையோடு, ஒட்டிய பின் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதும் முக்கியம் என்று அதில் தெரிந்தது.

அதை என் கண்ணாலேயே பார்த்தேன். டி செல் பெப்டைடை அடையாளம் கண்டால் குழியில் புள்ளிகள் தோன்றும் எலிஸ்பாட் சோதனைத் தட்டில் எங்கள் முதல் பத்துப் பெப்டைடுகளின் குழிகளும் வெறுமை. 41-ஆம் இடத்தில் இருந்ததன் குழியில் மட்டும் புள்ளிகள் நிறைந்திருந்தன. இடம் மிச்சமிருக்கிறதே என்று கடைசி நேரத்தில் சேர்த்தது அது. பிறகு நிலைத்தன்மையை அளந்தோம். முதலிடத்துப் பெப்டைடு சீக்கிரமே கழன்றுவிட்டது, இது மணிக்கணக்கில் பள்ளத்தை விட்டு இறங்கவில்லை.