டெக்சஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: தூண்டில், நண்டு, காட்டுக் கேபின்

ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பக்கம் குடிவந்தவர்கள் வெயில் காலம் தொடங்கியதும் கேட்கும் கேள்வி, "இங்கே மீன் பிடிக்க லைசென்ஸ் வேணுமா?" என்பதுதான். 17 வயது ஆகிவிட்டால், பொது நீர்நிலையில் பிடிக்க வேணும். நண்டுக்கும் அதேதான். டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை கொடுக்கிறது. இணையத்திலும் வாங்கலாம், வால்மார்ட் மாதிரி கடைகளிலும் வாங்கலாம். விசாவில் இருக்கிறோமே என்ற தயக்கம் வேண்டாம்.

ஆனால் வந்த வேகத்தில் வாங்கிவிடாதீர்கள். டெக்சஸில் தொடர்ந்து 6 மாதம் குடியிருந்தால்தான் நீங்கள் அவர்கள் கணக்கில் உள்ளூர்க்காரர். டிரைவிங் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டால் மட்டும் போதாது. உள்ளூர்க்காரருக்கு நன்னீர் 30 டாலர், கடல்நீர் 35, இரண்டும் சேர்த்து 40. மற்றவர்களுக்கு 58, 63, 68. கட்டணம் அவ்வப்போது மாறும், வாங்குகிற அன்று பார்த்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் ஆண்டு செப்டம்பர் 1-ல் தொடங்கி ஆகஸ்ட் 31-ல் முடிகிறது. ஜூலையில் இதை வாங்கினால் இரண்டு மாதம்கூட முழுசாகக் கிடைக்காது.

முதல் 6 மாதத்துக்கு நான் எல்லோருக்கும் சொல்வது ஸ்டேட் பார்க். அங்கே கரையிலிருந்தோ மீன்பிடி மேடையிலிருந்தோ தூண்டில் போட லைசென்ஸே தேவையில்லை, நுழைவுக் கட்டணம் கட்டினால் போதும். சில பார்க்குகளில் தூண்டிலையும் இரவல் கொடுக்கிறார்கள். ஹூஸ்டன்காரர்களுக்கு கால்வெஸ்டன் ஐலண்ட் பக்கம். பிராசோஸ் பெண்டும் பக்கம்தான். பிராசோஸ் பெண்டில் முதலைகள் நடைபாதைக்குப் பக்கத்திலேயே வெயில் காயும். 30 அடி தள்ளி நிற்க வேண்டும், எதையும் தூக்கிப் போடக் கூடாது. குழந்தைகளுடன் போகிறவர்கள் இதைக் காரிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள்.

லைசென்ஸ் வேண்டாத இடத்திலும் அளவு விதி உண்டு. நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான். மீனின் வாயை மூடி, மூக்கு நுனியை அளவுகோலின் பூஜ்யத்தில் வைத்து, வால் துடுப்பைச் சேர்த்துப் பிடித்து, அது எட்டும் கடைசி நுனி வரை அளக்க வேண்டும். லார்ஜ்மவுத் பாஸ் என்ற நன்னீர் மீன் பொதுவாக 14 அங்குலமாவது இருக்க வேண்டும், நாளைக்கு 5 மீன். சில ஏரிகளுக்குத் தனி அளவு உண்டு, அந்த ஏரியின் பெயரைப் போட்டுப் பாருங்கள். கடலில் ரெட்ஃபிஷ் 20 முதல் 28 அங்குலத்துக்குள் இருந்தால் மட்டும் எடுக்கலாம், நாளைக்கு 3. அதைவிடப் பெரியதை எடுக்க லைசென்ஸுடன் வரும் தனி டேக் வேண்டும். பெரிய மீன்தான் முட்டை போட்டு இனத்தைப் பெருக்குகிறது. ஒரு காலத்தில் இது அருகிப்போய், டெக்சஸ் கடலில் பிடித்த ரெட்ஃபிஷை விற்கவே கூடாது என்று 1981-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். இன்று கரையில் நின்றே பிடிக்க முடிகிறது என்றால் அந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம்.

நண்டு விஷயம் நமக்கு இன்னும் நெருக்கம். நூலில் கோழிக் கழுத்தைக் கட்டி இறக்கினால் நீல நண்டு வரும். ஓட்டின் இரு பக்க முள் நுனிகளுக்கு இடையே 5 அங்குலம் இல்லையென்றால் தண்ணீருக்குத் திரும்ப வேண்டும். வயிற்றுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு மாதிரி முட்டை ஒட்டியிருக்கும் சினை நண்டு எந்த அளவானாலும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஊரில் அதைத் தேடிப் பிடித்து வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு மனசு வராதுதான். ஆனாலும் விட்டுவிடுங்கள், அடுத்த வருட நண்டு அதில்தான் இருக்கிறது. மடவை மீனுக்கும் ஒரு கணக்கு உண்டு: அக்டோபர் முதல் ஜனவரி வரை 12 அங்குலத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. வீச்சு வலை போடலாம், ஆனால் பாஸ், ரெட்ஃபிஷ் போன்றவை வலையில் விழுந்தால் விட்டுவிட வேண்டும். படகில் போனால் கரை சேரும்வரை தலையையும் வாலையும் வெட்டாதீர்கள், அளந்து பார்க்க முடியாமல் போய்விடும்.

பிடித்ததை அபார்ட்மென்ட் வாட்ஸாப் குழுவில் விற்காதீர்கள். பொழுதுபோக்கு லைசென்ஸில் பிடித்ததை விற்பது குற்றம். மீன்பிடி, வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் கேம் வார்டன் என்பவர் முழு அதிகாரம் உள்ள காவல் அதிகாரி. மீன் வைத்திருக்கும் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டித்தான் ஆக வேண்டும். குடியுரிமை விண்ணப்பத்தில் எப்போதாவது சைட்டேஷன் (விதிமீறல் சீட்டு) வாங்கியதுண்டா என்று கேட்கிறார்கள். ஒரு சின்ன மீனுக்காக அந்தப் பதிலை ஏன் சிக்கலாக்க வேண்டும்?

வேட்டை பற்றிக் கொஞ்சம்தான் சொல்வேன். ஆஸ்டினுக்கு மேற்கே உள்ள குன்றுப் பகுதியான ஹில் கன்ட்ரியில் சாலையோரம் புள்ளிமான் மேய்வதைப் பார்த்து அசந்து போவீர்கள். நம் கிண்டியில் இருக்கும் அதே மான்தான், 1930-களில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். இங்கே அது வெளிநாட்டு இனம், வேட்டைக்குப் பருவத் தடை கிடையாது. ஆனால் லைசென்ஸும் நில உரிமையாளர் சம்மதமும் கட்டாயம். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடிக்க வேண்டும். எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. நண்பர் கூப்பிட்டார் என்று துப்பாக்கியைக் கையில் வாங்குவதற்கு முன் குடிவரவு வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஸ்டேட் பார்க்கில் தங்கக் கேபின் வேண்டுமென்றால் 5 மாதம் முன்பே பதிவு திறக்கிறது. தேங்க்ஸ்கிவிங், ஸ்பிரிங் பிரேக் வாரங்களுக்கு அப்போதே உட்கார்ந்துவிட வேண்டும். ஆஸ்டின் பக்கத்து பாஸ்ட்ராப் பார்க்கில் 1930-களில் வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அரசு கட்டிய கல், மரக் கேபின்கள் இன்னும் வாடகைக்குக் கிடைக்கின்றன. 2011 செப்டம்பர் தீயில் பார்க்கின் பெரும்பகுதி எரிந்தபோது தீயணைப்பு வீரர்கள் போராடிக் காப்பாற்றியவை அவை. வாய்ப்பு கிடைத்தால் அங்கேயே தங்குங்கள்.

முன்பதிவு செய்யும்போது பெயரைக் கவனியுங்கள்: 'லிமிடெட் யூஸ்' கேபினில் குளியலறை உள்ளே இருக்காது, 'ஸ்கிரீன்ட் ஷெல்டர்' என்றால் கண்ணாடி ஜன்னலுக்குப் பதில் கொசுவலை. பாத்திரம், படுக்கை விரிப்பு உண்டா என்பது கேபினுக்குக் கேபின் மாறும். வாடகை தவிர, 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் தினமும் நுழைவுக் கட்டணம் உண்டு. வருடப் பாஸ் ஒன்று இருந்தால் காரில் வரும் யாருக்கும் அந்தக் கட்டணம் கிடையாது. நாலைந்து குடும்பம் சேர்ந்து போனால் காருக்கு ஒரு பாஸ் என்று கணக்குப் போடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் பாட்டு, அந்தாக்ஷரி எல்லாம் கேபினுக்குள் மெதுவாக. பொது இடத்தில் மதுவை வெளியே காட்டக்கூடக் கூடாது. விறகு பொறுக்க அனுமதியில்லை, வாசல் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு முன், அந்த வாரம் தீ மூட்டத் தடை இருக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.