மூழ்கும் பதிப்பகத்திடமிருந்து உரிமையை மீட்பது எப்படி?

கேள்வி:
என் நாவலைப் போட்ட பதிப்பகம் ராயல்டி கணக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டது, மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை, ஆனால் மின்னூல் மட்டும் விற்றுக்கொண்டே இருக்கிறது. திவாலாகப் போகிறார்களாம். உரிமையைத் திரும்ப வாங்க முடியுமா?

பதில்:
முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். கணக்கோ பணமோ தராவிட்டால் ரத்து செய்யலாம் என்ற விதி இருந்தால் உடனே எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள், அனுப்பியதற்கு ஆதாரமும் வேண்டும். திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டால் "திவாலானால் உரிமை எழுத்தாளருக்கே" என்ற வரி சில நாடுகளில் செல்லாமல் போகும், உங்கள் ஒப்பந்தமே ஒரு சொத்தாக விலைபோகலாம். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு பதில்:
பாக்கிப் பணத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். அடமானம் வைத்திருக்கும் வங்கிக்குப் போக மிச்சம் இருந்தால்தான் நமக்கு, அது அநியாயம்தான். ஆனாலும் திவால் நடவடிக்கையில் உங்கள் பாக்கிக்கான கோரிக்கையைக் கெடுவுக்குள் பதிவு செய்துவிடுங்கள். அப்புறம், 2013-இல் அமெரிக்காவின் நைட் ஷேட் புக்ஸ் பதிப்பகம் பணமுடையில் தடுமாறியபோது ஒப்பந்தங்களை வேறு நிறுவனத்துக்கு மாற்ற எழுத்தாளர்களின் சம்மதத்தைக் கேட்டார்கள். அப்படி ஒரு கடிதம் வந்தால் ராயல்டி விகிதம், பழைய பாக்கி இரண்டையும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேட்டவர்:
ரத்து விதி இருக்கிறது, 60 நாள் கெடு. சரி, நோட்டீஸ் இன்றே போகிறது. கெடு முடிந்ததும் மின்னூலை நீக்கச் சொல்லி விற்பனைத் தளத்துக்கும் எழுதுகிறேன்.